இலக்கியம் காட்டும் திருவிழாக்கள்

ஊர் கூடித் தேர் இழுக்க வேண்டும் என்பது நாட்டில் வழங்கும் பழமொழி. தேர் ஒருவருடைய தோள் வலியால் நிலை பெயர்வதில்லை. செல்வர் ஒருவர் பொன்னால் தேர் செய்து நிறுத்தலாம். ஆயினும் வடம் பிடிக்கப் பல கைகள் வந்து சேர்ந்தாலன்றி அது வீதி காண்பதில்லை. திருவிழா என்னும் சொல்லின் பொருள் முழுவதும் இந்த ஒரு காட்சியில் அடங்கிவிடுகின்றது. மற்ற நாள்களில் அடியார் இறைவனை நாடிக் கோயிலுக்குச் செல்கின்றனர். விழா நாளிலோ இறைவனே வீதிக்கு எழுந்தருளுகின்றான். நடக்க மாட்டாத முதியவரும், பாயில் கிடக்கும் பிணியாளரும், கைக்குழந்தையை விட்டு அகல இயலாத தாயும் தத்தம் வாயிலிலேயே அவன் திருக்காட்சியைப் பெறுகின்றனர்.

சங்க காலம் தொட்டுத் தமிழ்ப் புலவர்கள் விழாக்களைப் பாடி வந்துள்ளனர். தோரணமும் கொடியும், விளக்கும் முழவும், பூவும் சாந்தும் அப்பாடல்களில் நிறைந்து விளங்குகின்றன. எனினும், அவர்கள் விழாவின் பொலிவை மட்டும் கண்டு அமைந்தவர் அல்லர். விழாவிற்கு வந்தவர் யார், வர இயலாதவர் யார், வந்தவருக்கு உணவிட்டவர் யார், கூட்டத்தினிடையே தனித்து நின்றவர் யார் என்பதையும் அவர்கள் உற்று நோக்கினர். அந்த நோக்கினைச் சில நூல்களின் வழியே காண்பது திருவிழாக் காண வரும் அன்பர்களுக்குப் பயன் தருவதாகும்.

விழா அறிவித்த குயவரும் விழாவிற்கு உழைத்த தொழிலாளியும்

பழந்தமிழில் விழாவிற்குச் 'சாறு' என்றும் ஒரு பெயர் உண்டு. ஊரில் விழாத் தொடங்குவதை வீதிதோறும் சென்று அறிவிக்கும் பொறுப்பு முதிய குயவர் ஒருவரிடம் இருந்ததை நற்றிணையின் 200ஆம் பாடலால் அறியலாம். நொச்சிப் பூமாலை சூடி, ஆறு கிடந்தது போன்ற அகன்ற நெடுந்தெருவில் அவர் நடந்து வருகிறார். அவரைக் கண்ட தோழி, பாணனின் பொய்ம்மொழியை நம்பாதிருக்குமாறும் ஊரார்க்குச் சேர்த்து அறிவிக்க வேண்டுகிறாள். விழாச் செய்தியை ஏந்தி வரும் குயவரின் சொல்லுக்கு ஊரில் எத்துணை மதிப்பு இருந்தது என்பது இவ்வேண்டுகோளால் புலனாகின்றது. மண்ணைக் குழைத்து ஊருக்கெல்லாம் கலம் வனைந்து தந்தவரே மங்கலச் செய்தியைச் சொல்லத் தகுந்தவராகக் கொள்ளப்பட்டார்.

புறநானூற்றின் 82ஆம் பாடல் வேறொரு தொழிலாளியைக் காட்டுகின்றது. அவர் கட்டில் பின்னுபவர். ஊரில் விழாத் தொடங்கிவிட்டது. வீட்டில் மனைவிக்கு மகப்பேற்று வேளை. மழையும் பெய்கின்றது, கதிரவனும் மேற்றிசையில் சாய்ந்துவிட்டான். கட்டிலை முடித்துக் கொடுத்துவிட்டு விழாவிற்கும் செல்ல வேண்டும், மனைவியின் அருகிலும் இருக்க வேண்டும். அந்நிலையில் அவர் கையிலுள்ள ஊசி எவ்வளவு விரைந்து ஓடும்! போர்வைக்கோப் பெருநற்கிள்ளி ஆமூர் மல்லனுடன் பொருத விரைவுக்கு இதனைச் சாத்தந்தையார் உவமையாக்கினார். பாட்டின் நோக்கம் மன்னனின் வீரத்தைப் புகழ்வதே. ஆயினும் மன்னனின் வீரத்தை அளக்கப் புலவருக்குக் கிடைத்த அளவுகோல், விழா நாளிலும் வேலை ஓயாத ஓர் எளிய மனிதரின் கையே ஆயிற்று. இன்றும் விழா நடைபெறும் ஊர்களில் பூக்கட்டுவோர், பந்தல் அமைப்போர், தேருக்கு முட்டுக்கட்டை போடுவோர், வீதி துப்புரவு செய்வோர் ஆகியோரின் கைகள் இவ்வாறே விரைகின்றன. அவர்களை நினைவிற் கொள்ளச் செய்கின்றது இப்பாடல்.

பேரூர் விழாவின் ஆரவாரத்தை மதுரைக்காஞ்சியிற் கேட்கலாம். மாங்குடி மருதனார் பாண்டியன் நெடுஞ்செழியனைத் தலைவனாகக் கொண்டு பாடிய அந்நூல் 782 அடிகளால் ஆனது. திருமாலுக்குரிய ஓண நாள் மதுரையில் கொண்டாடப்பட்டதையும், அந்நாளில் வீரர்கள் தம்முள் பொருததையும், யானைகளை ஓடவிட்டு மக்கள் கண்டு களித்ததையும் அது கூறுகின்றது. இன்று சேர நாட்டின் பெருவிழாவாக விளங்கும் ஓணம், அன்று பாண்டியர் தலைநகரிலும் விழாவாக இருந்தது என்பதற்கு இது தக்க சான்றாகும்.

கூட்டத்தினிடையே தனித்து நிற்பவர்

அகப்பாடல்கள் விழாவைக் காட்டும் முறை தனித்தன்மை உடையது. அகநானூற்றின் 141ஆம் பாடலில் நக்கீரர் கார்த்திகை விழாவை வரைந்துள்ளார். மழைக்காலம் முடிந்து வானம் தெளிந்துள்ளது. நிறைமதி அறுமீனாகிய கார்த்திகையுடன் கூடும் இரவு. தெருக்களிலெல்லாம் விளக்குகள் ஏற்றப்பட்டுள்ளன, மாலைகள் தொங்கவிடப்பட்டுள்ளன. பழம்பெருமை வாய்ந்த ஊர் மக்கள் பலரும் திரண்டு விழாக் கொண்டாடுகின்றனர். இவற்றையெல்லாம் சொல்லும் தலைவியின் உள்ளத்தில் உள்ளது ஒரே ஒரு விருப்பம். பொருள் தேடிப் பிரிந்த தலைவன் இவ்விழாவை உடனிருந்து கொண்டாட வந்துவிட மாட்டானா என்பதே அது. ஊர் முழுவதும் ஒளி நிறைந்திருக்கும்போது ஒருத்தியின் உள்ளம் மட்டும் காத்திருக்கின்றது. தொலைவிலுள்ள ஊர்களில் பணிபுரியும் மக்களை விழா நாளில் எதிர்நோக்கி வாயிலில் நிற்கும் பெற்றோர் இன்றும் உளர். அவர்கள் உள்ளத்தை நக்கீரர் அன்றே அறிந்திருந்தார்.

அதே தொகையின் 137ஆம் பாடல் விழா முடிந்த மறுநாளைக் காட்டுவது. உறந்தையாகிய உறையூரை அடுத்த காவிரிக் கரைச் சோலையில் பங்குனி விழா நடந்து முடிந்துவிட்டது. முதல் நாள் அங்கே எண்ணற்ற அடுப்புகள் எரிந்தன. திரண்ட மக்களுக்கெல்லாம் சோறு சமைக்கப்பட்டது. மறுநாளோ உதிர்ந்த பூவும் இலையும் பரந்த சோலையில் தீயற்ற அடுப்புகள் மட்டுமே கிடக்கின்றன. பிரிவால் பொலிவிழந்த தலைவியின் நெற்றிக்கு அந்த வெறுமை உவமையாகின்றது. விழா ஓய்ந்த இடத்தின் அடையாளமாக அப்புலவர் கொடியையோ தோரணத்தையோ சுட்டவில்லை, அடுப்பைச் சுட்டினார். விழா என்றால் பலருக்கும் சோறு ஆக்கும் தீ என்பது அக்கால மக்களின் உள்ளத்தில் பதிந்திருந்தது போலும்.

குறுந்தொகையின் 31ஆம் பாடலில் ஆதிமந்தியார் தம் காதலனைத் தேடி அலைகின்றார். வீரர் குழுமிய விழாவிலும் மகளிர் கைகோத்து ஆடும் துணங்கைக் கூத்திலும் அவனைத் தேடியும் காணவில்லை. ஆயிரம் முகங்கள் நிறைந்த கூட்டத்தில் தேடும் ஒரு முகம் இல்லையென்றால் அக்கூட்டமே வெறுமையாகத் தோன்றும் என்னும் உண்மையை ஒரு சிறு பாட்டு உணர்த்திவிடுகின்றது.

பரங்குன்றத்தில் வழி தவறிய சிறுமி

பரிபாடல் எழுபது பாடல்களைக் கொண்டிருந்த தொகை நூல். அவற்றுள் இன்று முழுமையாகக் கிடைப்பவை 22 பாடல்களே. செவ்வேளாகிய முருகப்பெருமானையும், திருமாலையும், வையை ஆற்றையும் அவை பாடுகின்றன. வையையில் புதுவெள்ளம் வருவதே மதுரை மாநகர்க்கு விழா. 11ஆம் பாடலில் கன்னியர் தாயருடன் நீராடி நோற்கும் தைந்நீராடல் கூறப்பட்டுள்ளது.

19ஆம் பாடல் திருப்பரங்குன்றத்திற்கு மதுரை மக்கள் செல்லும் காட்சியை விரிக்கின்றது. பூவும் சாந்தும் பிற வழிபாட்டுப் பொருள்களும் ஏந்திய மக்கள் நிரை நிரையாக மலையை நோக்கிச் செல்கின்றனர். அங்குள்ள ஓவிய மண்டபத்தில் காமனும் இரதியும், இந்திரனும் அகலிகையும் கௌதமரும் தீட்டப்பட்டுள்ளனர். இவர் யார், அவர் யார் என்று சிலர் வினவ, அறிந்தவர் விளக்கிச் சொல்கின்றனர். கோயிற் சுதைகளைச் சுட்டிக் காட்டிப் பேரப் பிள்ளைகளுக்குக் கதை சொல்லும் தாத்தாவையும் பாட்டியையும் இன்றும் எல்லாக் கோயில்களிலும் காணலாம்.

அக்கூட்டத்தில் ஒரு சிறுமி தன் உறவினரைப் பிரிந்து பாறைகளின் இடையே சென்று வழி தவறிவிடுகின்றாள். அஞ்சிக் கூவி அழைக்கின்றாள். மலைக்குகை அக்குரலையே எதிரொலிக்கின்றது. தன்னவர்தாம் அழைக்கின்றனர் என்றெண்ணி அவள் ஒலி வந்த திசைக்கே ஓடுகின்றாள். அங்கே எவரும் இல்லை. மீண்டும் கூவுகின்றாள். பக்தியும் மகிழ்ச்சியும் பொங்கும் ஒரு பாட்டில் புலவர் இச்சிறுமிக்கும் இடமளித்தார். பெருங்கூட்டத்தில் சிறியவர் தவறிப் போவர் என்பதை அறிந்த கண்ணே அது. இறைவன் புகழ் பாடும்போதும் ஒரு குழந்தையின் அழுகுரல் அவர் செவிக்கு எட்டியது.

புகார் நகரின் இந்திர விழா

தமிழிலக்கியத்தில் விழாவொன்று காப்பியத்தின் போக்கையே மாற்றியது என்றால் அது புகார் நகரத்து இந்திர விழாவே. சிலப்பதிகாரத்தின் ஐந்தாம் காதை அதற்கென்றே அமைந்தது. சித்திரைத் திங்களில் சித்திரை மீனுடன் மதி கூடிய நன்னாளில் விழாத் தொடங்குகின்றது. வச்சிரக் கோட்டத்து முரசம் யானையின் பிடரியில் ஏற்றப்பட்டு விழாவின் தொடக்கமும் முடிவும் அறிவிக்கப்படுகின்றன. தருநிலைக் கோட்டத்தில் மங்கலக் கொடி ஏறுகின்றது. காவிரியின் புனித நீர் பொற்குடங்களில் ஏந்தி வரப்பட்டு இந்திரனுக்குத் திருமுழுக்கு நிகழ்கின்றது. பிறவா யாக்கைப் பெரியோனாகிய சிவபெருமான், அறுமுகச் செவ்வேள், பலதேவன், திருமால், இந்திரன் ஆகியோர் கோயில்களில் எல்லாம் வழிபாடு நடைபெறுகின்றது. அறவோர் பள்ளிகளிலும் அறவுரை ஒலிக்கின்றது. இந்திரன் பெயரால் எடுத்த விழாவில் ஊரிலுள்ள அத்தனை தெய்வங்களுக்கும் சமயங்களுக்கும் இடம் இருந்தது.

இவ்விழாவின் நிறைவில் நிகழும் கடலாட்டின்போதுதான் கோவலனும் மாதவியும் கடற்கரையில் யாழிசைத்துப் பாடுகின்றனர். ஒருவர் பாட்டில் மற்றவர் குற்றம் காண்கின்றனர், பிரிகின்றனர். ஊர் முழுவதையும் ஒன்றுகூட்டிய விழா இருவரைப் பிரித்துவிட்டது. உள்ளத்தில் ஐயம் இருக்குமாயின் எந்த விழாவும் மனிதரைச் சேர்த்து வைக்க மாட்டாது என்பதை இளங்கோவடிகள் ஓதாமல் ஓதிவிட்டார்.

மணிமேகலை நூல் தொடங்குவதே விழாவறை காதையில்தான். இது 28 நாள் நடைபெறும் விழா. அகத்திய முனிவரின் உரைப்படி, தூங்கெயில் எறிந்த செம்பியன் இந்திரனை வேண்டி இவ்விழாவைத் தொடங்கினான் என்று சாத்தனார் கூறுகின்றார். முரசறையும் பழங்குடியிற் பிறந்தவன் முதலில் ஊரையும் மழையையும் மன்னன் செங்கோலையும் வாழ்த்துகின்றான். பின்னர், வாயில்களில் நிறைகுடமும் பாவைவிளக்கும் வைக்கவும், கமுகும் வாழையும் கரும்பும் நடவும், தெருக்களில் பழைய மணலை நீக்கிப் புதுமணல் பரப்பவும் அறிவிக்கின்றான். அறம் உரைக்க வல்லார் பந்தரிலும் மன்றத்திலும் வந்து உரைக்கலாம்; வெவ்வேறு சமயத்தார் பட்டிமண்டபம் ஏறி வாதிடலாம். இவற்றோடு அவன் அறிவிக்கும் மற்றொரு செய்தி பொன்னே போல் போற்றத்தக்கது. பகைவரை எதிர்ப்பட நேர்ந்தாலும் சினமும் கலகமும் இன்றி விலகிச் செல்ல வேண்டும் என்பதே அது. வாழை நடுவதும் மணல் பரப்புவதும் வீதிக்குச் செய்யும் அலங்காரம். பகை விலக்குவது உள்ளத்திற்குச் செய்யும் அலங்காரம். இரண்டும் ஒரே முரசில் அறிவிக்கப்பட்டன.

அவ்வாண்டு விழாவிற்கு மாதவியும் அவள் மகள் மணிமேகலையும் ஆட வரவில்லை. கோவலன் கொலையுண்ட செய்தி கேட்டு மாதவி துறவு பூண்டுவிட்டாள். ஊரார் அலர் தூற்றுகின்றனர். மாதவியோ மணிமேகலையைக் கண்ணகியின் மகளென்றே கூறித் தவநெறிக்கு உரியவள் என்கின்றாள். விழாவிற்கு வராத இருவரிடமிருந்தே அக்காப்பியம் பிறக்கின்றது. பின்னாளில் அந்த மணிமேகலையே அமுதசுரபி ஏந்திப் பசித்தோர்க்கெல்லாம் உணவளித்தாள். சிறைக்கோட்டத்தை அறக்கோட்டமாக மாற்றினாள்.

விழாவை மறந்ததால் நேர்ந்ததையும் சாத்தனார் கூறாமல் விடவில்லை. சோழ மன்னன் நெடுமுடிக்கிள்ளிக்கும் நாகநாட்டு இளவரசி பீலிவளைக்கும் பிறந்த குழந்தை மரக்கலம் கவிழ்ந்ததால் காணாமற் போயிற்று. மகனைத் தேடும் துயரத்தில் மன்னன் இந்திர விழாவை மறந்தான். மணிமேகலா தெய்வத்தின் சாபத்தால் புகாரைக் கடல் கொண்டது என்பது காப்பியச் செய்தி. மகனை இழந்த தந்தையின் துயர் இரங்கத்தக்கதே. ஆயினும் ஊரைத் தாங்கும் பொறுப்புடையவன் தன் துயரில் ஊரை மறத்தல் ஆகாது என்னும் கடுமையான நீதியை அக்கதை உணர்த்துகின்றது. தன் துயரை மட்டும் நோக்கிய மன்னனின் நகர் அழிந்தது. தன் துயரைக் கடந்து பிறர் பசியை நோக்கிய மணிமேகலையின் பெயர் நிலைத்தது.

பூம்பாவையை அழைத்த பதிகம்

பக்தி இலக்கியத்தில் விழாக்களின் பெருமைக்கு மகுடமாக விளங்குவது திருஞானசம்பந்தர் திருமயிலையில் அருளிய பூம்பாவைத் திருப்பதிகம். இரண்டாம் திருமுறையில் 47ஆவது பதிகமாக அது அமைந்துள்ளது.

மயிலையில் வாழ்ந்த சிவநேசர் என்னும் வணிகர், தம் மகள் பூம்பாவையைச் சம்பந்தப் பெருமானுக்கே உரியவள் என உள்ளத்தில் உறுதி செய்திருந்தார். மலர் கொய்யச் சென்ற அச்சிறுமி பாம்பு தீண்டி இறந்தாள். தந்தையார் அவள் சாம்பலையும் எலும்பையும் ஒரு குடத்தில் இட்டு, கன்னிமாடத்தில் வைத்து, மாலை அணிவித்துக் காத்து வந்தார். திருவொற்றியூரிலிருந்து மயிலைக்கு எழுந்தருளிய சம்பந்தர் கபாலீச்சரத் திருக்கோயிலின் முன் அக்குடத்தை வரவழைத்துப் பதிகம் பாடினார் என்று சேக்கிழார் பெருமான் விரித்துரைக்கின்றார்.

இறந்த பெண்ணிடம் சம்பந்தர் கேட்ட கேள்வி ஒன்றே. இந்த விழாவைக் காணாமலா போகின்றாய் என்று பத்துப் பாடல்களிலும் வினவுகின்றார். ஐப்பசி ஓணவிழா, கார்த்திகை விளக்கீடு, மார்கழித் திருவாதிரை, தைப்பூசம், மாசிக் கடலாட்டு, பங்குனி உத்திரம், அட்டமி நாள், உரைகாரர் பலர் திருவூசல் எனக் கொள்ளும் பொற்றாப்பு, பெருஞ்சாந்தி என அவர் நிரல்படக் கூறுகின்றார். ஐப்பசி தொடங்கிப் பங்குனி முடிய ஆறு திங்கள்களும் ஒன்றும் விடுபடாமல் வரிசையாக வருவது நோக்கத்தக்கது. திங்கள்தோறும் ஒரு மகிழ்ச்சி காத்திருக்கின்றது. அதை விட்டுச் செல்லலாமா என்று சிறுமியை அழைக்கும் அன்புமிக்க குரல் அது.

இந்த வரிசையில் முதலாவதாக நிற்பது எது? அது பெருந்தேரும் அன்று, விளக்கணியும் அன்று. அட்டிட்டல் என்னும் விருந்தே. அடியார் திருக்கூட்டத்திற்குச் சமைத்து உணவிடும் காட்சியைக் காணாமலா போகின்றாய் என்பதே முதற் பாட்டின் வினா. தைப்பூசப் பாடலிலும் நெய் கலந்த பொங்கல் இடம்பெறுகின்றது. ஓர் உயிரை மீண்டும் மண்ணுக்கு அழைக்க வேண்டுமாயின் எதைச் சொல்லி அழைப்பது? பொன்னையும் மணியையும் சொல்லி அழைக்கவில்லை. பலர் கூடி உண்ணும் பந்தியைச் சொல்லி அழைத்தார் ஞானப்பிள்ளையார். அகநானூற்றுப் புலவர் கண்ட தீயற்ற அடுப்பும், சம்பந்தர் கண்ட அட்டிட்டலும் ஒரே உண்மையின் இரு பக்கங்கள்.

குடம் உடைந்து பூம்பாவை பன்னிரண்டு வயது நங்கையாக எழுந்தாள். சிவநேசர் அவளை மணம் செய்துகொள்ள வேண்டினார். தம்மால் உயிர் பெற்றவள் தமக்கு மகள் முறையாவாள் என்று சம்பந்தர் மறுத்தருளினார். இந்நிகழ்ச்சி இன்றும் மயிலைத் திருக்கோயிலின் பங்குனிப் பெருவிழாவில் எட்டாம் நாள் காலையில் ஐதிகமாக நடத்தப் பெறுகின்றது. அன்று பிற்பகலில் அறுபத்து மூவர் திருவுலா. விழாக்களைச் சொல்லி உயிர் பெறச் செய்த வரலாறே ஒரு விழாவாக நிலைத்துவிட்டது.

ஆரூர் ஆதிரையும் நமிநந்தியடிகள் கண்ட காட்சியும்

திருவாரூரில் திருவாதிரைத் திருநாளைக் கண்டு களித்த திருநாவுக்கரசர் திருப்புகலூருக்கு வந்தார். அங்கிருந்த சம்பந்தர், ஆரூரின் ஆதிரைச் சிறப்பைக் கூறுமாறு கேட்டார். அதற்கு விடையாக எழுந்த பதிகம் நான்காம் திருமுறையில் 21ஆவதாக உள்ளது. முத்து விதானமும் பொற்கவரியும் முறைப்படி வரும் அடியாரும் அதில் காட்சி தருகின்றனர். இவர்களோடு நாவரசர் மற்றொரு கூட்டத்தையும் காட்டுகின்றார். அருகில் உள்ளவரும் தொலைவிலிருந்து வந்தவரும், நல்லவரும் தீயவரும், நோய் தீரும் என்று நம்பிக் கிடப்பவரும் அங்கே உளர். தீயவர் ஏன் வந்தார் என்று நாவரசர் வினவவில்லை. அவர்களும் வந்திருப்பதே அத்திருநாளின் சிறப்பு என்று பாடினார்.

இதனினும் ஆழமான பாடம் நமிநந்தியடிகள் வரலாற்றில் உள்ளது. ஏமப்பேறூரைச் சார்ந்த இவ்வந்தணர், ஆரூர்க் கோயிலில் நீரால் விளக்கெரித்த நாயனார். பங்குனி உத்திரத் திருநாளில் ஆரூர்ப் பெருமான் திருமணலிக்கு எழுந்தருளினார். எல்லாக் குலத்தாரும் உடன் சென்றனர். நமிநந்தியாரும் சென்று வணங்கினார். இரவு வீடு திரும்பியவர் உள்ளே புகாமல் வெளியே கிடந்தார். மனைவியார் காரணம் கேட்டபோது, எல்லாக் குலத்தாருடனும் கலந்து சென்றதால் தூய்மை குன்றியது. நீராடிய பின்னரே பூசனை செய்தல் வேண்டும் என்றார். நீர் கொணர அம்மையார் உள்ளே சென்ற இடைவேளையில் அவர் கண்ணயர்ந்தார். கனவில் இறைவன் தோன்றி, ஆரூரில் பிறந்தார் அனைவரும் நம் கணங்கள். அதனை நீ காண்பாய் என்று அருளினான். விழித்தெழுந்தவர் தம் எண்ணத்திற்கு வருந்திப் பூசனை முடித்தார். மறுநாள் ஆரூர் சென்றபோது அவ்வூரார் அனைவரும் சிவவடிவாகத் திகழக் கண்டார். நிலமிசை வீழ்ந்து வணங்கினார். அவ்வடிவு மறைந்து மக்கள் முன்போலத் தோன்றியதும், பிழை பொறுக்குமாறு பெருமானிடம் வேண்டினார்.

பிறர் பட்டதால் தீட்டு என்று எண்ணியவர் ஓர் இழிந்த மனிதர் அல்லர், நாயன்மார்களுள் ஒருவர். அத்தகைய அடியாரிடத்தும் அவ்வெண்ணம் இருந்தபோது இறைவன் அதனைத் திருத்தினான். சேக்கிழார் அதனை மறைக்காமல் பாடி வைத்தார். விழாக் கூட்டத்தில் தோளோடு தோள் உரசி நிற்பவர் எக்குலத்தவர் என்று உள்ளம் கணக்கிடத் தொடங்கும்போதெல்லாம் நினைக்க வேண்டிய வரலாறு இது.

ஆயர்பாடியும் மார்கழி நோன்பும்

பெரியாழ்வார் தம் திருமொழியின் தொடக்கத்தில் கண்ணன் பிறந்த நாளை ஆயர்பாடி கொண்டாடிய விதத்தைப் பாடினார். எண்ணெயும் மஞ்சட்பொடியும் ஒருவர்மேல் ஒருவர் தூவ முற்றமெல்லாம் சேறாகின்றது. ஆயர்கள் ஓடுகின்றனர்; விழுகின்றனர்; குழந்தை எங்கே என்று கேட்டுத் தேடுகின்றனர்; பால் தயிர் நெய்ப் பானைகளை முற்றத்தில் கவிழ்த்து ஆடுகின்றனர். ஒரு வீட்டில் பிறந்த குழந்தை ஊருக்கே பிறந்த குழந்தையாகி விடுகின்றது.

அவர் திருமகளாராகிய ஆண்டாள் அருளிய திருப்பாவை 30 பாசுரங்களில் ஒரு நோன்பைப் பாடுகின்றது. அந்நோன்பில் எவரும் தனியே நீராடச் செல்வதில்லை. முதலில் எழுந்தவள் உறங்குபவளின் வாயிலில் நின்று அழைக்கின்றாள். எழ மறுப்பவளிடம் வாதிடுகின்றாள், கேலியும் செய்கின்றாள், ஆனால் விட்டுச் செல்வதில்லை. மாணிக்கவாசகர் அருளிய, 20 பாடல்கள் கொண்ட திருவெம்பாவையிலும் இந்தத் துயிலெழுப்பலைக் காணலாம். தனக்கு மட்டும் அருள் கிடைத்தால் போதும் என்று எண்ணுபவர் இவ்வாறு வாயில்தோறும் நின்று காலம் தாழ்த்த மாட்டார். நோன்பு நிறைவிலும், நெய் வழியும் பாற்சோற்றை அனைவரும் கூடியிருந்து உண்பதே பாவையரின் விருப்பம்.

விழா நிறைவு

இப்பாடல்களை ஒருங்கே நோக்கும்போது ஓர் உண்மை விளங்கும். கொடியும் தோரணமும் நூலுக்கு நூல் வேறுபடுகின்றன. தெய்வமும் ஊரும் வேறுபடுகின்றன. ஆனால், விழாவின் நிறைவை அளக்கப் புலவரும் அருளாளரும் கொண்ட அளவு ஒன்றே. எவரும் விடுபடாதிருத்தலே அது. வழி தவறிய சிறுமி தன்னவரிடம் சேர வேண்டும். உறங்குபவள் எழுப்பப்பட வேண்டும். பசித்தவர் உண்ண வேண்டும். பகைவரோடு கலகம் இன்றி விலக வேண்டும். அருகில் நிற்பவர் எவராயினும் இறைவனின் கணமாக மதிக்கப்பட வேண்டும்.

திருவிழாக் காண வரும் அன்பர்கள் இவ்வளவைத் தம் உள்ளத்தில் கொள்வார்களாக. தரிசன வரிசையில் தள்ளாடும் முதியவருக்குச் சற்றே வழிவிடுதலும், கூட்டத்தில் அழுது நிற்கும் குழந்தையை உரியவரிடம் சேர்த்தலும், அன்னதானப் பந்தியில் பிறர் உண்ணும் வரை பொறுத்திருத்தலும், வீதியைத் துப்புரவு செய்வோரை அன்புடன் விளித்துப் பேசுதலும் வழிபாட்டின் புறத்தே உள்ளவை அல்ல, வழிபாடே ஆகும். அண்டை வீட்டில் நடக்க இயலாத ஒருவர் இருப்பாராயின், வீடு திரும்பும்போது திருநீறோ துளசியோ கையில் கொண்டு சென்று அவருக்கு அளித்து, கண்ட காட்சியை எடுத்துரைத்தல் நன்று. விழாவைக் காணாமற் போனவர் ஒருவரும் இலர் என்னும் நிலை வருமாயின் அதுவே ஞானசம்பந்தப் பெருமானின் வினாவிற்குத் தகுந்த விடையாகும்.

தேர் நிலை சேரும், கொடி இறங்கும், அடுப்பின் தீயும் அணையும். விழா நாளில் மலர்ந்த அன்பு மட்டும் அணையாமல் ஆண்டு முழுவதும் ஒளிரத் திருவருள் துணை நிற்பதாக.